பின்னால் பார்க்கும் கேமரா

முன்கண்ணாடியில் மட்டும் மாட்டக் கூடாது. கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பனிவண்டியின் கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது வெறும் பிளாஸ்டிக். எஞ்சின் உறுமினால் அதுவும் கூடவே நடுங்கும். வீட்டுக்குப் போய்ப் படத்தைப் போட்டுப் பார்த்தால் ஏரியும் காடும் குளிர்காய்ச்சல் கண்டதுபோல ஆடிக்கொண்டிருக்கும்.

ஹெல்மெட்டில் மாட்டலாம். நிறையப் பேர் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் ஹெல்மெட்டில் மாட்டினால் ஓட்டுகிறவன் எதைப் பார்க்கிறானோ அது மட்டும்தான் பதிவாகும். அவன் பார்க்காதது எதுவும் பதிவாகாது. மார்பில் வார் போட்டுக் கட்டினால் கைகளும் ஹேண்டில்பாரும் நன்றாக விழும். கொஞ்சம் குனிந்து ஓட்டுகிறவனாக இருந்தால் பெட்ரோல் டாங்க்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எந்த இடமானாலும் சரி, ஒட்டுப் பட்டையை முந்தின நாளே சூடான இடத்தில் வைத்து ஒட்டிவிட வேண்டும். மைனஸ் இருபதில் எந்தப் பசையும் பிடிக்காது. ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டுவைக்க வேண்டும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எப்போது முடிவெடுத்தீர்கள் என்று நேற்று என்னிடம் மூன்று தடவை கேட்டீர்கள். என் மருமகன் சனிக்கிழமை காலையில் கிளம்பினான். வியாழக்கிழமை சாயங்காலமே அவன் வண்டி என் கராஜில் ஹீட்டர் பக்கத்தில் நின்றது, பசை காய்ந்துகொண்டிருந்தது. ஆகவே வியாழக்கிழமைக்கு முன்னால். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்துவிட்டீர்கள். பேசாமல் இல்லை. நீங்கள் ஸ்டாக்ஹோம் பக்கத்திலிருந்து வந்த போலீஸ்காரப் பெண், உங்களுக்குத் தெரியாது. இங்கே வடக்கில் ஆமாம் என்று வாயைத் திறந்து சொல்கிற வழக்கம் குறைவு. உதட்டைக் குவித்து மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்போம். அதுதான் ஆமாம். நீங்கள் கேட்ட ஐந்து கேள்விக்கு அப்படித்தான் பதில் சொன்னேன். டேப்பில் விழவில்லை என்றால் இப்போது வாயால் சொல்கிறேன். ஐந்துக்கும் ஆமாம்.

அந்த மூச்சைப் பற்றிப் பிறகும் ஒரு இடத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பெயர் குன்வோர். வயது அறுபத்தேழு. பெட்ரோல் பங்கோடு ஒட்டிய கடையில் பனிவண்டிச் சாமான்கள் விற்கிறேன். அதைத் தவிர எனக்கு இன்னொரு வேலை உண்டு, சம்பளம் இல்லாதது. கல்ட்ரெஸ்க் ஏரியின் மேல் போகும் பனிவண்டிப் பாதைக்குக் கிளை நடுகிறவள் நான்தான். இருபத்திரண்டு குளிர்காலமாக. ஜனவரியில் ஏரி கெட்டிப்பட்டதும் துளைப்பானை எடுத்துக்கொண்டு போய், எங்கே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, பாதுகாப்பான தடம் பார்த்து, ஐம்பது தப்படிக்கு ஒன்றாக ஊசியிலைக் கிளைகளை நட்டு, ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா கட்டுவேன். துளையில் ஊறும் தண்ணீர் உறைந்து கிளையைப் பிடித்துக்கொள்ளும். பனிப்புகையில் முன்சக்கரம் தெரியாவிட்டாலும், முன்சக்கரம் ஏது, முன்சறுக்குக் கட்டை தெரியாவிட்டாலும் கிளை தெரிந்தால் போதும். எங்கள் ஊரில் யாரும் கிளையைச் சந்தேகப்பட மாட்டார்கள். தன் கண்ணைச் சந்தேகப்படுவார்கள்.

இல்வா என் ஒரே மகள். ஸ்டெல்லான் அவள் புருஷன். தெற்கேயிருந்து வந்தவன், ஒன்பது வருஷம் முன்னால். கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான். அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசி நான் கேட்டதில்லை. அவனுக்கு ஒரே ஒரு பழக்கம், எதையாவது படம் எடுத்துக்கொண்டே இருப்பான். ஹெல்மெட் உச்சியில் கேமரா. அவன் படங்களைக் கணினியில் பார்ப்பதற்கென்று எங்கெங்கோ நாலாயிரம் பேர் இருந்தார்கள். கேமராவை அங்கே மாட்டிக் கொடுத்தது நான். அவன் கேட்டான், நான் மாட்டினேன்.

இரண்டு வருஷம் முன்னால், பிப்ரவரியில், இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏரியைத் தாண்டிப் போனார்கள். அவன் ஓட்ட, இவள் பின்னால். அக்கரையில் வண்டி தரையேறும் இடத்தில் காற்று குவித்த ஒரு மேடு. வண்டி துள்ளியது. இவள் விழுந்துவிட்டாள். அவனுக்குத் தெரியவில்லை.

பதினான்கு நிமிடம் அவன் போய்க்கொண்டே இருந்தான்.

அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். முன்னால் இருந்ததெல்லாம் அதில் இருக்கிறது. மரங்கள், வெயில், நீல நிழல். அவன் குரலும் இருக்கிறது. "இல்வா, அங்க பாரு, பனிமான். ரெண்டு. இல்ல, மூணு." கொஞ்ச நேரம் கழித்து, "குளிருதா? இன்னும் கொஞ்ச தூரம்தான், கண்ணு. போனதும் காபி." கடைசியில் ஏதோ ஒரு ஜோக் சொல்லி அவனே சிரிக்கிறான். வெறும் சீட்டோடு பதினான்கு நிமிடம் பேசியிருக்கிறான்.

விசாரணையில் அவனைக் கேட்டார்கள், பதில் வரவில்லையே, உனக்குத் தோன்றவில்லையா என்று. அவன் சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "அவ எப்பவும் மூச்சை இழுத்துத்தான் ஆமாம் சொல்லுவா. எஞ்சின் சத்தத்துல அது என்னைக்குமே கேட்டதில்ல. கேக்கலேன்னா ஆமாம்னு சொல்றான்னு அர்த்தம்." தெற்கத்தியான் யாரும் இப்படி ஒரு தப்புப் பண்ணமாட்டான். எங்களோடு ஏழு வருஷம் இருந்தவன்தான் பண்ணுவான். அதிகாரி தலையாட்டினார். விபத்து என்று எழுதினார்கள்.

அவன் திரும்பி வந்து தேடினான். நாற்பது நிமிடம் ஆயிற்று. எங்கே விழுந்தாள் என்று தெரியாதே. பாதை நெடுகத் தேட வேண்டியிருந்தது, அதற்குள் காற்று வேறு கிளம்பிவிட்டது. கண்டுபிடித்தபோது அவள் பாதையிலிருந்து மூன்று தப்படி தள்ளி உட்கார்ந்தபடியே உறைந்துபோயிருந்தாள். வலது கையுறை கழற்றியிருந்தது. கைப்பேசி மடியில் இருந்தது, குளிரில் அணைந்துபோய்.

கேமரா பின்னால் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த நிமிடத்தில் விழுந்தாள் என்று ஓட்டிப் பார்த்திருக்கலாம். நேராக அந்த இடத்துக்குப் போயிருக்கலாம். நாற்பது நிமிடம் மிச்சம். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. எங்கே மாட்டுவது என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்று சொல்கிறேன். அவ்வளவுதான்.

பிறகு இரண்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. நான் கடைக்குப் போனேன், வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவன் என் வீட்டுக்குச் சாப்பிட வருவான். உருளைக்கிழங்கு, இறைச்சி உருண்டை, லிங்கன் பழ ஜாம். என் விறகை அவன்தான் பிளந்து அடுக்கினான். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

இந்த மார்ச் முதல் வாரம் கடைக்கு வந்தான். ஓர்யான் அங்கே இருந்தான். எங்கள் பனிவண்டிச் சங்கத் தலைவன். தலைவன் வேலை என்பது பெரும்பாலும் என் கடையில் உட்கார்ந்து காபி குடிப்பதுதான்.

"என்ன தெற்கத்தியானே," என்றான் ஓர்யான். "ஒன்பது வருஷம் ஆச்சு, இன்னும் வாசல்ல பூட்ஸ் பனியைத் தட்டிட்டு வரத் தெரியலையா?"

"தட்டிட்டுத்தான் வந்தேன். இது உன் பூட்ஸ்ல இருந்து விழுந்தது. காலையில இருந்து இங்கயேதான உக்காந்திருக்க, உருகி ஓடியிருக்கும்."

"பாத்தியா குன்வோர், உன் மருமகனுக்கு வாய் நீண்டுடுச்சு."

ஸ்டெல்லான் என் பக்கம் திரும்பினான். "மாமியாரே, ஒரு கேமரா வேணும்." வேடிக்கையாகப் பேச நினைக்கும்போதுதான் அவன் அப்படிக் கூப்பிடுவான். மற்ற நேரத்தில் எல்லோரையும் போல் பெயர்தான்.

"எங்க மாட்டறதுன்னு அவகிட்டயே கேளு," என்றான் ஓர்யான். "பேச்சு கேக்கலேன்னா உன் மண்டையிலயே திருகு போட்டு மாட்டி விட்டுடுவா."

நான் சிரித்தேன். ஸ்டெல்லானும் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "சனிக்கிழமை இல்வா பொறந்த நாள், குன்வோர். அந்த இடம் வரைக்கும் போகலாம்னு இருக்கேன். போற வழி முழுக்க எடுக்கணும்."

"எதுக்கு?" என்றேன்.

"தெரியல. எடுக்கணும்."

எனக்குத் தெரிந்தது. அந்த நாலாயிரம் பேருக்குக் காட்டத்தான். இல்வா உட்கார்ந்திருந்த இடத்தை அவர்கள் காபி குடித்துக்கொண்டே பார்ப்பார்கள். இரண்டு வருஷமாக அவன் அங்கே ஒரு படமும் போடவில்லை என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். நான் போய்ப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை.

"இந்தத் தடவை பின்னால பாக்கற மாதிரி மாட்டறேன்," என்றேன்.

அவன் கையிலிருந்த கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்பவே அப்படி மாட்டியிருக்கலாம்," என்றான். ஏதோ கதவுப் பிடி வாங்குகிறவன் பேசுவது போலத்தான் சொன்னான். "சரி. வண்டியை வியாழக்கிழமை கொண்டாந்து விடறேன்."

அப்போது முடிவெடுத்தேனா, அதற்கு முன்னாலா என்று என்னால் சொல்ல முடியாது. பில் போட்டேன். ஓர்யானுக்கு இன்னொரு கப் காபி ஊற்றினேன்.

மாட்டிய இடம், ஹேண்டில்பாருக்குக் கீழே இடது பக்கத் தகடு. பின்பக்கம் பார்த்தபடி. அங்கே மாட்டினால் ஓட்டுகிறவனின் தொடை, பின்சீட்டு, அதற்கும் அப்பால் தாண்டி வந்த பாதை மூன்றும் விழும். முகம் விழாது. முகம் எனக்குத் தேவையில்லை. தகட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, பட்டையை ஒட்டி, பெருவிரலால் அறுபது எண்ணும்வரை அழுத்தினேன். பிறகு ஒரு மெல்லிய கயிற்றால் கேமராவை வண்டியோடு சேர்த்தும் கட்டினேன். பட்டை விட்டாலும் கயிறு விடாது. அந்தக் கயிறு இல்லாவிட்டால் உங்கள் முக்குளிப்பவர்களுக்குக் கேமரா கிடைத்திருக்காது. யார் கட்டியது என்று நீங்கள் கேட்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏரிக்குப் போனேன். பாதையின் இரு முனையிலும் சங்கத்தின் சிவப்புப் பலகையைக் குறுக்கே வைத்தேன், 'பாதை மூடப்பட்டுள்ளது' என்று. சனிக்கிழமை ஏரியின் கிழக்குக் கோடியில் துளைபோட்டு மீன் பிடிக்கும் போட்டி. ஊர் முழுக்க அங்கேதான் இருக்கும். இருந்தாலும் யாராவது வந்துவிடக் கூடாதே. மற்றவர்களுக்குத் தீங்கு நினைக்கிறவள் இல்லை நான். என் வீட்டு முற்றத்திலிருந்து இறங்கும் தடம் பலகைக்கு உட்புறம்தான் பாதையில் சேர்கிறது. ஸ்டெல்லான் என் முற்றத்திலிருந்து கிளம்புவான்.

ஆறு ஏரியில் வந்து விழும் இடம் ஒன்று இருக்கிறது, பாறைமுனைக்கு அப்பால். அடியில் நீரோட்டம். ஏரியின் மற்ற பக்கமெல்லாம் எழுபது சென்டிமீட்டர் கனம் இருக்கும்போது அங்கே எட்டுதான் இருக்கும். மேலே பனி மூடியிருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பாதை அந்த இடத்தை நன்றாக விலகிப் போகிறது. விலக்கி வைத்தது நான்தான்.

பன்னிரண்டு கிளைகளைப் பனிக்கட்டியோடு ஒட்ட ரம்பத்தால் அறுத்தேன். இறுகின பனியில் குத்தி ஆற்றுவாயின் பக்கம் திரும்பவும் நட்டேன். கொஞ்சம் சாய்ந்துதான் நின்றன. மார்ச்சில் எல்லாக் கிளையும் சாய்ந்துதான் நிற்கும். துளைப்பானால் அளந்துகொண்டே போனேன். எட்டு. ஏழு. ஆறு வந்ததும் நின்றுவிட்டேன். அதற்கு மேல் போவது ஆபத்து. கடைசிக் கிளைகளை வயிற்றால் ஊர்ந்து போய் நட்டேன், உயிர்க்கயிற்றை வண்டியில் கட்டிக்கொண்டு.

இரண்டு வளைவு வைத்தேன். வேகமாகப் போகிற வண்டி மெல்லிய இடத்தைக்கூடத் தாண்டிவிடும், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். வளைவு இருந்தால் வேகத்தைக் குறைப்பான். ராத்திரி பனி பெய்தது. வானிலை அறிக்கையில் சொல்லியிருந்தார்கள். என் தடமெல்லாம் மூடிவிட்டது.

சனிக்கிழமை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு துகள் விழவில்லை, ஒரு இலை அசையவில்லை. கராஜிலிருந்து வண்டியை வெளியே எடுத்து, சீட்டை நானே துணியால் துடைத்தேன். பத்தரைக்கு அவன் வந்தான். காபி போட்டேன், எங்கள் வழக்கப்படி கப்பில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு. இலவங்கப்பட்டை பன் இருந்தது.

"இல்வா இதுல மூணு தின்பா," என்றான்.

"நாலு," என்றேன்.

"என் முன்னாடி மூணு. நாலாவது உள்ளே வந்து உன்கிட்ட வாங்கித் தின்பா போல."

அவன் கழுத்தில் ஆணிக்கயிறு போட்டிருந்தான். இரண்டு மரப்பிடியில் இரண்டு கூர் ஆணி, நடுவே கயிறு. ஏரிக்குப் போகிற எல்லோரும் போட்டுக்கொள்வோம். பனிக்கட்டி உடைந்து விழுந்தால் விளிம்பில் அந்த ஆணிகளைக் குத்திக் குத்தித்தான் மேலே ஏற முடியும். வெறும் கை வழுக்கிவிடும். காபி குடிக்கும்போது அது கப்பில் இடித்தது. கழற்றி மேசையில் வைத்தான்.

கிளம்பும்போது மறந்துவிட்டான். மேசையில் கிடந்தது. நான் பார்த்தேன். சொல்லவில்லை. இதை நீங்கள் கேட்கவில்லை. கேட்க உங்களுக்குத் தெரியாது. நானே சொல்கிறேன்.

வாசலில் ஃப்ளாஸ்க் பையை முதுகில் மாட்டிக்கொண்டான். கேமரா பேட்டரியை நான் என் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி வைத்திருந்தேன். குளிரில் சீக்கிரம் செத்துவிடும். அதைப் போட்டுக் கொடுத்தேன்.

"வழி திறந்திருக்கா?" என்றான்.

"நேத்துதான் பாத்துட்டு வந்தேன்," என்றேன்.

"உனக்கும் வரணும்னா சொல்லு. சீட்டு சும்மாத்தான் இருக்கு."

"எனக்குப் பாத்திரம் கிடக்கு," என்றேன்.

எஞ்சின் சத்தம் ஏரியில் வெகுதூரம் கேட்கும், காற்றில்லாத நாளில். நான் ஜன்னல் பக்கம் போகவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்பது நிமிடத்தில் சத்தம் நின்றது. முதலில் தணிந்து திரும்ப எழுந்தது, பிறகு நின்றேவிட்டது. கடிகாரம் பதினொன்று இருபது. குரல் கேட்டதா என்று நீங்கள் கேட்டீர்கள். குழாயைத் திறந்து வைத்திருந்தேன்.

பதினான்கு நிமிடம் காத்திருந்தேன். பதினைந்து ஆக விடவில்லை. கணக்காக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பிறகு என் வண்டியை எடுத்துக்கொண்டு அவன் தடத்தின் மேலேயே போனேன். ஒன்பது கிளைகளைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே குத்தினேன். மூன்று கிளைகள் தண்ணீரோடு போய்விட்டிருந்தன. அவற்றுக்குப் பதிலாகக் கரையிலிருந்து புதிதாக வெட்டிக்கொண்டேன். பலகைகளை எடுத்தேன். சாயங்காலம் ஓர்யானுக்கு ஃபோன் செய்து, மருமகன் இன்னும் வரவில்லை என்றேன். அவன் போட்டியில் ஜெயித்த மீன் பையோடு அப்படியே வந்தான். இருபது பேர் வந்தார்கள். எல்லோருக்கும் காபியும் பன்னும் கொண்டுபோனேன்.

ஸ்டெல்லானின் தடம் பாதையை விட்டு விலகி நேராக ஆற்றுவாய்க்குப் போயிருந்தது. ஓர்யான் அதைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். "குறுக்கு வழி பாத்திருக்கான்," என்றான். "ஒன்பது வருஷம். கிளை இவ்வளவு தெளிவா நிக்குது. தெற்கத்தியான் தெற்கத்தியான்தான்." பிறகு என் தோளில் கை வைத்தான். "உனக்குத்தான் எல்லாமே நடக்குது, குன்வோர்." நான் மூச்சை உள்ளே இழுத்தேன்.

அவன்தான் பத்து நாள் கழித்து அறுபட்ட அடிக்கட்டைகளைப் பனிக்கட்டிக்குள் பார்த்தான் என்று கேள்விப்பட்டேன். அவனாக வந்து உங்களிடம் சொல்ல எவ்வளவு நேரம் யோசித்திருப்பான் என்று எனக்குத் தெரியும். அவன்மேல் வருத்தமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

அடிக்கட்டை இல்லாவிட்டாலும் கேமரா போதும். பின்னால் பார்க்கிற கேமரா, அவன் தாண்டிப் போகிற ஒவ்வொரு கிளையையும் எடுத்திருக்கிறது. சிவப்பு நாடாவோடு, நிற்கக் கூடாத இடத்தில். இதை யோசிக்காமலா மாட்டினீர்கள் என்று கேட்டீர்கள். யோசித்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் கராஜில் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். முன்னால் பார்க்கும்படி மாட்டினாலும் கிளை விழத்தான் செய்யும். மாட்டாமலே விட்டிருக்கலாம், ஏதாவது சாக்குச் சொல்லி. அல்லது கயிறு கட்டாமல் விட்டிருக்கலாம். ஆனால் சரியான இடம் எது என்று தெரிந்துகொண்டே ஒரு வேலையைத் தப்பாகச் செய்ய எனக்கு வராது. ஒரு தடவை செய்தேன். போதும்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டெல்லானைக் கொன்றது நான். மனம் குழம்பவில்லை, யாரும் தூண்டவில்லை.

இனி அந்தப் படத்தைப் பற்றி. இன்று காலை காட்டினீர்கள். நான் இன்னொரு தடவை போடச் சொன்னேன், போட்டீர்கள். நல்ல படம். ஆட்டமே இல்லை. தொடை, சீட்டு, பாதை, நான் சொன்ன மாதிரி மூன்றும் விழுந்திருக்கிறது. முதல் வளைவில் வண்டி நிற்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடுகிறது. அவன் குரல் கேட்கிறது. "இங்க வளைவு கிடையாதே." பிறகு, "குன்வோர் நட்டது." மூச்சை உள்ளே இழுக்கிறான், எங்கள் ஊர்க்காரன் மாதிரியே. வண்டி கிளம்புகிறது.

அதற்கப்புறம் தண்ணீர். பச்சை. பிறகு கறுப்பு. பேட்டரி தீரும்வரை இரண்டு மணி நேரம் கறுப்பையே எடுத்திருக்கிறது. சூடாக்கிக் கொடுத்த பேட்டரி.

நீங்கள் கேட்டது அந்தக் கையைப் பற்றி. இடது கை. ஒன்பது நிமிடத்தில் ஏழு தடவை அந்தக் கை ஹேண்டில்பாரை விட்டுப் பின்னால் வருகிறது. திரும்பிப் பார்க்காமல் வருகிறது. உள்ளங்கையைக் கவிழ்த்து வெறும் சீட்டை இரண்டு தடவை தட்டுகிறது, போய்விடுகிறது. ஒவ்வொரு மேட்டுக்குப் பிறகும் வருகிறது என்று நீங்கள் சொன்னீர்கள். நான் எண்ணிப் பார்த்தேன், உண்மைதான். வளைவில் நின்றபோது மட்டும் தட்டவில்லை. சும்மா சீட்டின் மேல் இருந்தது, அவன் கிளம்பும்வரை.

இந்த இரண்டு வருஷமும் அவன் இப்படித்தான் ஓட்டினானா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. அவன் பின்னால் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

அதைத் தட்டுவது என்று நீங்கள் சொல்வதே தவறு. நீங்கள் பனிவண்டி ஓட்டியதில்லை, அதனால் தெரியவில்லை. சீட்டில் பனி சேரும். சேர்ந்தால் உருகி உறைந்து சீட்டுத் தோலைக் கிழித்துவிடும். கை வைத்துத் தட்டிவிட வேண்டும் என்று அவன் வந்த முதல் வருஷமே நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நின்றபோது கை ஓய்ந்திருக்கும், வைத்திருந்தான். வேறொன்றும் இல்லை.

பனியைத்தான் தட்டினான். ஏழு தடவையும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எழுதினதை ஒரு தடவை எனக்குப் படித்துக் காட்டுங்கள்.